கோடு விழுந்தால் வெள்ளி

இரண்டு வெள்ளிக் கம்பிகளைத் தண்ணீரில் தொங்கவிட்டு, பேட்டரியை இணைத்து, நோயே அண்டாது என்று நம்பி தினமும் ஒரு பாட்டில் வெள்ளித் தண்ணீர் தயாரித்துக் குடிப்பவர் அவர். டாக்டரான மைத்துனன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வந்ததும், பாட்டிலில் லேசர் டார்ச்சை அடித்துக் காட்டினார். தண்ணீருக்குள் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

“வெறும் தண்ணியில இந்தக் கோடு விழாது, மாப்ள. உள்ள வெள்ளி இருக்கு.”

“இதைக் குடிச்சா தோல் நீலமாயிடும்னு ஆறு மாசமா கத்தறேன், மாமா.”

“ஆச்சா? ரிப்போர்ட் என்ன சொல்லுது?”

“ரத்தத்துல வெள்ளியே இல்ல” என்றான், தானே நம்பாமல்.

“அப்புறம் என்ன?” மீசையைத் தடவியபடி பாட்டிலோடு அறைக்குள் போனார்.

மைத்துனன் சமையலறைக்கு வந்தான். “எப்படிக்கா?”

“சொன்னா கேக்கற ஆளா உங்க மாமா? அவர் தயாரிக்கறதை தினமும் கொட்டிட்டு, சாதாரண தண்ணிய ஊத்தி வச்சிடறேன்.”

“அப்ப அந்தக் கோடு?”

“ஒரு சொட்டு பால் விட்டா போதும்டா, விழும்.”

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. “இங்க வந்து பாரேன், இன்னிக்கு வெள்ளி நல்லா இறங்கியிருக்கு. கோடு கயிறு மாதிரி விழுது.”

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “கை தவறி ரெண்டு சொட்டு விழுந்துடுச்சு.”