கோட்டுக்கு மேல் ஒரு விரல்

குனிந்து படிக்கட்டைப் பார்த்தான்.

கோடு தெரியவில்லை.

தண்ணீருக்குள் விரலை விட்டுத் தடவினான். ஒரு விரற்கடை ஆழத்தில் பெயிண்டின் வழவழப்பு.

துறைப் படியில் அதிகாரிகள் அடித்துவிட்டுப் போன சிவப்புக் கோடு அது. கோடு முழுகினால் படகு கிடையாது. படகுச் சங்கிலியின் சாவி அவன் மடியில். அவன்தான் ஊர்த் தலையாரி.

மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பத்து நாளாகிறது.

எதிரே, ஆற்றின் நடுவில், திட்டு. மேடான இடம். வீட்டுக்குள் வெள்ளம் வராது. பாலமும் கிடையாது.

அங்கேதான் அவன் பெண்டாட்டி இருந்தாள்.

வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்த அன்றே, புதுப்பெண்ணென்று அப்பன் வீட்டில் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆடி முடிந்ததும் இவன் போய் அழைத்துவர வேண்டும். ஆடி முப்பதில் ஆறு வந்தது. இன்றைக்கு ஆவணி எட்டு.

"ஊருக்கெல்லாம் ஆடி முடிஞ்சிபோச்சி. ஒனக்கு மட்டும் இன்னும் நடக்குதே தம்பி" என்றாள் பால்காரத் தைலம்மை.

சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. அவள் மாடு திட்டில் கன்று போட்டிருந்தது. இரண்டாம் நாள் அவள் காலில் விழாத குறையாகக் கேட்டும் இவன் பூட்டைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் அரிசியோடு தீயணைப்புப் படகு போனது. மூட்டைகளை ஏற்றியவன் அவன்தான். அவன் ஏறவில்லை. அவன் எடைக்கு ஒரு மூட்டை குறையும்.

படகுக்காரர் கலியன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"ஒரு வெரக்கடதான மாப்ள. ஒன்ன மட்டும் கொண்டு விட்டுட்டு வந்துர்றேன். எவன் பாக்கப்போறான்?"

தைலம்மை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவி மடியிலேயே கிடந்தது.

அறிவிப்புக்கென்று கொடுத்திருந்த கை மைக்கைத் திட்டுப் பக்கம் திருப்பினான்.

"இன்னைக்கும் படகு கெடையாது. யாரும் தொறைக்கு வரவேணாம்."

அடுத்த நிமிடம் போன் அடித்தது.

"ஊர்ல அவனவன் பொண்டாட்டிய வா வான்னு கூப்புடுறான். நீங்கதான் வராதன்னு மைக்கு வச்சி சொல்றீங்க."

சிரித்தான். போனை வைத்துவிட்டு, ஆற்றைக் கெட்ட வார்த்தையில் வைதான்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் வந்து குனிந்தான்.

கோடு வெளியே இருந்தது.

ஈரமாக, சிவப்பாக. அதற்குக் கீழே ஒரு விரல் அகலம் கல்லும் தெரிந்தது.

மூட்டை தூக்கிக் காய்த்த விரல். நம்பாமல் வைத்து வைத்துப் பார்த்தான். அலை வந்து விரலைத் தொட்டது. கோட்டைத் தொடவில்லை.

தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டான். மேட்டூரிலும் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள், பூட்டைத் திறந்துகொள் என்றார்கள்.

முதலில் அறிவிப்பு. பிறகுதான் பூட்டு. அது முறை.

மேலத்தெருவில் முழுதாகச் சொன்னான். படகுக்குப் பத்துப் பேர்தான், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், எல்லாம். நடுத்தெருவில் பாதி. கீழத்தெருவில் "தொறை தெறந்தாச்சு" என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. சிரிப்புதான் வந்தது. தெரு முழுக்க அது கேட்டது. சனம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

துறைக்கு வந்து திட்டைப் பார்த்தும் ஒரு முறை கத்திச் சொன்னான். வீட்டுக்கு ஓடினான். கல்யாணச் சட்டையை மாட்டினான். தட்டில் பூ, வெற்றிலை, வாழைப்பழம்.

திரும்பி வந்தபோது படகு நிறைந்திருந்தது.

களை வெட்டுகிறவர்கள். பூப் பறிக்கிறவர்கள். பத்து நாளாக வீடு போய்ச் சேராமல் இந்தக் கரையில் மாட்டிக்கொண்டவர்கள்.

எண்ணினான். பத்து.

மறுபடி எண்ணினான். பத்துதான்.

கடைசிப் பலகையில் தைலம்மை. அவன் சட்டையைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். "எறங்கிக்கவா தம்பி?"

"ஒம் மாடு காத்துக் கெடக்கு. போ அத்தே."

பூட்டைத் திறந்து, சங்கிலியை அவனே படகுக்குள் போட்டான்.

படகு சாய்ந்து சாய்ந்து போனது. தட்டைப் படியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பழத்தைக் காக்கையிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது.

அரை மணி நேரத்தில் படகு திரும்பியது.

பூக்கூடைகள் முதலில் தெரிந்தன. பிறகு தலைகள்.

முன் பலகையில் ஒருத்தி உட்காராமல் நின்றுகொண்டு வந்தாள். காலடியில் தகரப் பெட்டி.

அழைக்க ஆள் போகாமல் அந்தத் திட்டிலிருந்து எந்தப் பெண்ணும் புருஷன் வீட்டுக்குக் கிளம்பி வந்ததில்லை.

அவன் எழுந்து நின்றான். தட்டை எடுத்துக்கொண்டான்.

படகு கரையை நெருங்கும்போது அவன் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மெதுவா, ஒவ்வொருத்தரா எறங்குங்க. எட்டு வருடமாகச் சொல்வது. தூக்கத்திலும் வரும்.

மைக்கைத் தூக்கினான்.

"சுகந்தி" என்றது மைக்.

கரையில் துணி துவைக்கிற சத்தம் நின்றது. படகில் யாரோ சீழ்க்கை அடித்தார்கள். கலியன் துடுப்பை விட்டுவிட்டுச் சிரித்தார்.

அவள் முந்தானையால் முகத்தை மூடினாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"மொதல்ல அந்த மைக்க நிறுத்துங்க."

அவனுக்கு ஒரு கையில் தட்டு, ஒரு கையில் மைக். விரல் பித்தானை அழுத்தியபடியே இருந்தது.

அவன் மூச்சு விடுவது திட்டு வரைக்கும் கேட்டது.