கமலாசனியின் விமர்சனம்

"முடிவுதான் எனக்கு நல்லாப் பிடிச்சது. காணாமல் போன பெடியன் கடைசியிலை தாய் தேப்பனிட்டைத் திரும்பி வந்திடுறான்."

கமலாசனி சொல்லி வாய் மூடவில்லை, உருத்திரபுரம் வாசிகசாலையே கொல்லென்று சிரித்தது.

மாதக் கடைசி ஞாயிறென்றால் அங்கே மர்மநாவல் விமர்சனம். வாசித்தவர் எழும்பி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். மற்றவர்கள் பிய்த்து உதறுவார்கள். அதிலும் இளைஞன் சஜீவனின் வாய் சும்மா கிடக்குமா?

"அன்ரி, புத்தகத்தை வாசிச்சனீங்களோ, இல்லாட்டி அட்டைப்படத்தைப் பாத்திட்டுக் கதைக்கிறீங்களோ? போன மாதம் நானும் வாசிச்சனான். அவன்ரை பிரேதத்தைக் கிணத்துக்கையிருந்து எல்லோ எடுத்தவங்கள்!"

"நான் வாசிச்சது அப்பிடித்தான்" என்று முணுமுணுத்துவிட்டுக் கமலாசனி கதிரையில் இருந்துவிட்டார்.

வாசிகசாலைப் பொறுப்பாளர் சிவரூபிக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வாசிக்காமல் விமர்சனம் செய்கிற ஆட்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. விறுவிறென்று போய்ப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். கடைசி அத்தியாயத்தையே காணோம். பிளேட்டால் அடியோடு வெட்டியிருந்தது.

"அட கடவுளே! முழுசாத்தானே உங்களிட்டைத் தந்தனான்? இது ஆர் செய்த வேலை அன்ரி?"

கமலாசனி தலையைக் குனிந்துகொண்டார்.

"வயசுக்கேத்த வேலையோ இது? இனி உங்களுக்குப் புத்தகம் இல்லை!"

தேத்தண்ணிக்குக் கூட்டம் கலைந்தபோது, பின்வரிசையில் இருந்த கமலாசனியின் கணவர் செல்வநாயகம் சிவரூபியை வெளியே கூப்பிட்டார்.

"பிள்ளை, அவாவை ஏசாதேங்கோ. வெட்டினது நான்."

"ஐயாவோ! ஏன்?"

"எங்கடை மகன்ரை விசயம் உங்களுக்குத் தெரியும்தானே. கடைசிச் சண்டை முடிய ஆமிக்காரர் பஸ்ஸிலை ஏத்தினதைக் கண்டதுதான். இண்டைக்குமட்டும் தகவல் இல்லை. மனிசி போயும் போயும் காணாமல் போனவன்ரை கதையை எடுத்துக்கொண்டு வந்திட்டா. நான் கடைசிப் பக்கங்களைத் தட்டிப் பாத்தன். பிரேதம். ஐயோ, அதை அவா என்னெண்டு பிள்ளை வாசிக்கிறது? வெட்டி அடுப்புக்கை போட்டிட்டு, 'தாள் கழண்டு போச்சு, நான் வாசிச்சனான், பெடியன் வந்திட்டான்' எண்டு சொன்னன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப சஜீவன் போட்டு உடைச்சிட்டான். அவன் வேறை புத்தகத்தோடை குழப்பிப்போட்டான் எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. உங்கடை சொல்லை அவா நம்புவா. அந்த நம்பிக்கையும் போச்சுதெண்டால் மனிசி படுத்த படுக்கைதான்."

இந்த மனுசியையா நாலு பேருக்கு முன்னால் அப்படிப் பேசினோம் என்று சிவரூபிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. உள்ளே போனாள். கமலாசனி தனியாக இருந்தார்.

"அன்ரி, குறை நினையாதேங்கோ. சஜீவன் வேறை புத்தகத்தோடை குழப்பிப்போட்டான். அந்தப் பெடியன் வந்தவன்தான்."

கமலாசனி நிமிர்ந்து பார்த்தார்.

"அவர் சொல்லச் சொன்னவரோ?"

சிவரூபி பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"கொண்டுபோன அண்டைக்கே கடைசிவரை வாசிச்சு முடிச்சிட்டன் பிள்ளை. பிறகு அவர் இருந்து வெட்டினதையும் கண்டனான்."

"அப்ப ஏன் அன்ரி எல்லாருக்கும் முன்னாலை அப்பிடிச் சொல்லிப் பேச்சு வாங்கினீங்கள்?"

"அவரும் கேட்டுக்கொண்டு இருந்தவர் எல்லோ. எங்கடை பிள்ளை இனி வரமாட்டான் எண்டு எனக்கு எப்பவோ விளங்கிட்டுது. நான் நம்பிக்கொண்டு இருக்கிறன் எண்டு நினைச்சுத்தான் பிள்ளை, அந்த மனிசன் இன்னும் ஒரு வாய் சோறு தின்னுது."