நூறாவது கோடு

"அங்க என்ன, மருந்து கலக்குறீங்களா, கல்யாணத்துக்குச் சமைக்கிறீங்களா?" என்று அறைக்குள்ளிருந்து கேட்டார் என் கணவர்.

வலி ஏற ஏறத்தான் அவருக்குக் கிண்டல் வரும்.

வழக்கமாக வாங்கும் வலி மருந்து அன்று கடையில் இல்லை. அதில் மில்லிக்கு இரண்டு மில்லிகிராம். வேளைக்கு ஐந்து மில்லி கொடுப்பேன். கிடைத்தது அதைவிடப் பத்து மடங்கு கெட்டி. பத்து மில்லி எடுத்து, கொதித்து ஆறிய தண்ணீர் விட்டு நூறு மில்லி ஆக்கச் சொல்லியிருந்தார் கடைக்காரர்.

கல்லூரி ஆய்வகத்தில் இருபது வருடம் கரைசல் தயாரித்தவள் நான். ஆனால் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். அதனால் கொழுந்தனைக் கலக்கச் சொன்னேன்.

வந்து பார்த்தால் அளவுக் குவளையில் கோட்டைத் தாண்டி நிற்கிறது. நூற்றுப் பத்து.

"பத்துக்கு நூறு தண்ணி ஊத்தினேன் அண்ணி. ஒர்க்‌ஷாப்ல கூலண்ட் இப்படித்தான் கலப்போம்."

"உங்க அண்ணன் என்ன லாரியா? நூறு ஊத்தச் சொல்லல, நூறு ஆக்கச் சொன்னேன். தொண்ணூறுதான் ஊத்தணும்!"

கணக்குப் போட்டேன். மில்லிக்கு ஒன்று புள்ளி எட்டுச் சொச்சம். பத்து மில்லிகிராம் போக வேண்டியவருக்கு ஒன்பதுதான் போகும். அந்த ஒரு பங்கு வலியை மட்டும் அவருக்கு ஏன் மிச்சம் வைக்க வேண்டும்?

ஆறிய தண்ணீரையெல்லாம் கொழுந்தன் தீர்த்திருந்தான். மறுபடி கொதிக்க வைத்தேன். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் இறக்கி, பழைய செய்தித்தாளால் விசிறினேன். விசிறிக்கொண்டே அவனைத் திட்டினேன். படித்துப் படித்துச் சொன்னேனே என்றேன். அடுப்பைத் திட்டினேன். கடைக்காரரையும் விடவில்லை.

"கொஞ்சம் சீக்கிரம்மா."

"இதோ, ரெண்டே நிமிஷம்."

இருபது நிமிடம் ஆயிற்று.

புதிய கலவை நூறாவது கோட்டில் மயிரிழை பிசகாமல் நின்றது. குனிந்து, கண்மட்டத்தில் வைத்துச் சரிபார்த்தேன். ஐந்து மில்லி அளந்து எடுத்துப் போனேன்.

பல்லைக் கடித்தபடியே இறந்து போயிருந்தார். புது விரிப்பின் ஓரம் அவர் கைக்குள் கசங்கியிருந்தது. கொழுந்தன்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தான்.

தான் ஊற்றிய தண்ணீரால்தான் எல்லாம் என்று அவன் நினைக்கிறான். என்னெதிரே தலை நிமிர்வதில்லை.

மூன்றாம் வாரம் அலமாரியைத் துடைக்கும்போது அவன் கலந்ததை ஊற்றி வைத்திருந்த பாட்டில் கிடைத்தது. கொட்டப் போனவள் நின்றேன்.

தண்ணீர்தான் கூடுதல். மருந்து இதிலும் அதே இருநூறு மில்லிகிராம். அப்படியானால் அவருக்குரிய பத்து, இதில் எத்தனை மில்லியில் இருந்தது?

ஐந்தரை.

கரண்டியில் அரை மில்லி கூடுதலாக ஊற்றியிருந்தால் போதும்.

கொழுந்தனிடம் இன்னும் சொல்லவில்லை. கையில் காகிதம் கிடைக்கும்போதெல்லாம் போட்டுப் பார்க்கிறேன். ஐந்தரைதான் வருகிறது.