எல்லாருக்கும் ஆப்பம்

மெனு கார்டை மாயக்காள் யார் கையிலும் கொடுக்கவில்லை.

"எல்லாருக்கும் ஆப்பம், இடியாப்பம், தேங்காய்ப்பால். வேற எதுவும் வேணாம்" என்று சர்வரிடம் சொல்லிவிட்டு, கார்டை மடக்கித் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

ஜோதிலட்சுமிக்குச் சுருக்கென்றது. பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாளா இந்த அம்மா?

அன்று சாயங்காலம் வீரபாண்டி கோயிலில் வைத்துத்தான் பெண் பார்த்தார்கள். ஜோதிலட்சுமியின் மகள் அனுசுயாவை மாப்பிள்ளை பாண்டீஸ்வரனுக்கும், அவனைப் பெற்ற மாயக்காளுக்கும் பிடித்துப்போனது. தேனியில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த இந்த ஃபாஸ்ட்ஃபுட் கடைக்கு இரண்டு வீட்டாரையும் கூட்டி வந்ததும் மாயக்காள்தான்.

கடை என்றதுமே ஜோதிலட்சுமி மகளைத்தான் பார்த்தாள். அனுசுயாவுக்குக் கோதுமை ஆகாது. மைதா, ரவை எதுவுமே ஆகாது. துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிப் படுத்துவிடுவாள். வாழ்நாள் முழுக்க இப்படித்தான் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். இந்த மாதிரிக் கடையில் அவள் நம்பிச் சாப்பிட என்ன இருக்கிறது? நூடுல்ஸ் கிண்டிய சட்டியில்தான் ஃப்ரைடு ரைஸ். ஆம்லெட் போடுவது பரோட்டாக் கல்லில். சோயா சாஸில் கோதுமை இருக்கும். சாம்பாருக்குப் போடும் பெருங்காயத்தில்கூட மைதா கலந்திருக்கும். ஆபீஸில் யார் ட்ரீட் வைத்தாலும் அனுசுயா ஒரு லெமன் ஜூஸைக் குடித்துவிட்டு, பசியோடு வீட்டுக்கு வருவாள்.

இதை உள்ளபடி சொல்லப்போய்த்தான் போன வருடம் ஒரு சம்பந்தம் முறிந்தது. சீக்குக்காரப் பெண் என்று ஊரெல்லாம் பேச்சு. அதனால் இந்த முறை கல்யாணம் முடிகிற வரைக்கும் மூச்சு விடக் கூடாது என்று ஜோதிலட்சுமி மகளிடம் சொல்லி வைத்திருந்தாள். கடை வாசலிலும் காதோடு சொன்னாள்.

"பரோட்டா வந்தாலும் ரெண்டு வாய் தின்னுரு. மத்ததை நாளைக்குப் பாத்துக்கலாம்."

அனுசுயா விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

ஆப்பம் என்றதில் ஒரு பக்கம் நிம்மதிதான். ஆனால் மாயக்காளின் அதிகாரம் அதோடு நிற்கவில்லை. அவள் புருஷன் சுருளியாண்டி ஆசையாக ஒரு பரோட்டா கேட்டார்.

"இந்த மேசைக்குப் பரோட்டா வரக் கூடாது" என்றாள்.

ஜோதிலட்சுமியின் புருஷன் சிக்கன் சிக்ஸ்டிஃபைவ் சொல்லலாமா என்று இழுத்தார். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரையும் மடக்கினாள். சர்வர் கொண்டுவந்த சால்னாக் கிண்ணத்தைத் தொடவிடாமல் திருப்பி அனுப்பினாள். அதுவும் போதாதென்று எழுந்து நேரே சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். சட்டியைக் கழுவியாச்சா, கையைக் கழுவியாச்சா என்று அவள் போட்ட சத்தம் மேசை வரைக்கும் கேட்டது. மாப்பிள்ளை தலை குனிந்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்குப் போனதும் வேணாம்னு சொல்லிருவோம்" என்று ஜோதிலட்சுமி புருஷனிடம் முணுமுணுத்தாள். "இந்தம்மாகிட்ட எம் மக ஒருநாள் தாங்க மாட்டா."

ஆப்பம் வந்தது. அனுசுயா வயிறாரச் சாப்பிட்டாள். வெளியிடத்தில் அவள் இப்படிச் சாப்பிட்டு ஜோதிலட்சுமி பார்த்ததே இல்லை.

ஜோதிலட்சுமி கை கழுவப் பின்பக்கம் போனபோது, சமையல் மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்து நின்றார். அவளுக்குப் பாவமாக இருந்தது.

"எங்க மதினி உள்ள வந்து சத்தம் போட்டதை மனசுல வச்சுக்காதீங்க."

மதினி என்றதும் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றே நினைத்து மாஸ்டர் சிரித்துவிட்டார். அவரைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்ற ஜோதிலட்சுமிக்குக் கை கழுவ மறந்துபோனது.

நேற்று மாயக்காள் தன் ஊரான கோம்பையிலிருந்து பஸ் ஏறி வந்து, கோதுமை படாத சாப்பாடு கிடைக்குமா என்று தேனியில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள். கொஞ்சம் பட்டால் என்ன ஆகிவிடும் என்றுதான் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். இவர் ஒருத்தர்தான், ஆப்பச் சட்டியையும் இடியாப்பத் தட்டையும் தனியாக எடுத்துவைப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். அப்படியும் மனசு கேட்காமல் இன்று உள்ளே வந்து கண்ணால் பார்த்துவிட்டுப் போனாளாம்.

"வரப்போற மருமகளுக்குக் கோதுமை ஆகாதாம்மா. அந்தப் பிள்ளையே மாப்பிள்ளைகிட்ட போன்ல சொல்லிருச்சாம். பெத்தவுகதான் பயந்துக்கிட்டு மறைக்கிறாகளாம். அவுக மனசு சங்கடப்படக் கூடாது, தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கிராதீகன்னு சொன்னாக. நீங்களும் பொண்ணு வீட்டாளுக காதுல போட்டுறாதீக."

ஜோதிலட்சுமி குழாயைத் திறந்து, கையோடு முகத்தையும் கழுவிக்கொண்டாள்.

மேசைக்குத் திரும்பியவள் மாயக்காளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மதினி, உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டோம். எம் மகளுக்குக் கோதுமை, மைதா எதுவும் ஆகாது. ஆயுசு பூரா ஆகாது."

அனுசுயா திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள். சுருளியாண்டி என்னவோ சொல்ல வாயெடுத்தார். மாயக்காள் ஒரு பார்வை பார்த்ததும் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டார்.

"அப்படியா தாயி?" என்று ஜோதிலட்சுமியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள் மாயக்காள். "நல்லவேளை, இன்னைக்கு ஆப்பமாச் சொன்னேன்."