உருக்காலைக்காரர் பொரித்த முட்டை

உருக்காலையில் இரும்பைத் தண்ணீராய் உருக்கி ஊற்றியே ஓய்வு பெற்ற அப்பா, இன்று முதன்முறையாக முட்டை பொரிக்கிறார். உலை முன்னால் நிற்பவர் போலக் கரண்டியை எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். காலை வெயில் விழுந்த வாணலியில் கண்ணாடியாய் ஓடும் வெள்ளைக்கரு, ஓரத்திலிருந்து பால்போல வெளுத்து, சடசடவென்ற சத்தத்தோடு இறுகிக்கொண்டே வருகிறது. “அடியே, இங்க வந்து பாரேன்! சூடு ஏற ஏற இது உருகல, கெட்டியாகுது!” இதே அடுப்பில் இத்தனை வருஷமாக அதைப் பார்த்துச் சலித்த அம்மா, “அட, ஆமாங்க!” என்று ஓடிவந்து எட்டிப் பார்க்கிறாள். தட்டுக்கு வந்ததும் கருகிய ஓரத்தைத்தான் முதலில் பிட்டு வாயில் போட்டுக்கொள்கிறாள். “அக்கா, எங்கயோ தீஞ்ச வாசனை வருதே?” என்று பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வருகிறது. “எங்க வீட்லதான்!” அம்மாவின் கழுத்து நிமிர்கிறது. “எங்க வீட்டுக்காரர் பொரிச்சதாக்கும்!”