குனியாத முதுகு

"எனக்கு அந்த டிஸ்க் வேணாமுங்க டாக்டர். எலும்பையே சேத்து இறுக்கி உட்டுருங்க" என்றாள் சித்ரா.

சேலத்து முதுகெலும்பு மருத்துவரின் அறை அது. கணவன் சிவபிரகாஷ் அவளைத் திரும்பிப் பார்த்தான். துணைக்கு வந்திருந்த அண்ணன் தனபாலுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

டாக்டர் அப்போதுதான் ஸ்கேன் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கி முடித்திருந்தார். இடுப்பில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்க வேண்டிய டிஸ்க் முழுசாகத் தேய்ந்துவிட்டது. மாத்திரை, ஊசி, பயிற்சி எல்லாம் பார்த்தாகிவிட்டது. இனி ஆபரேஷன்தான்.

அதில் இரண்டு வழி இருந்தது. தேய்ந்ததை எடுத்துவிட்டு, மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் ஸ்க்ரூ போட்டு ஒன்றாக இணைத்துவிடலாம். வலி குறையும், ஆனால் அந்த இடம் அசையாது. பின்னாளில் பக்கத்து டிஸ்க்குகளுக்குப் பாரம் கூடலாம். அடிக்கடி குனிவது, கனம் தூக்குவது எல்லாம் கூடாது. இல்லையென்றால் அதே இடத்தில் செயற்கை டிஸ்க் வைக்கலாம். அது அசையும். ஆறிய பிறகு இயல்பாகக் குனியலாம், திரும்பலாம். அதற்காக மூட்டை தூக்கலாம் என்று அர்த்தமில்லை. எல்லோருக்கும் அது ஒத்துவராது, சித்ராவின் வயதுக்கும் எலும்பின் பலத்துக்கும் ஒத்துவரும்.

சிவபிரகாஷ் யோசிக்கவே இல்லை. "அசையறதையே வைங்க டாக்டர். செலவு ஆனா ஆவட்டுங்க."

தனபாலுக்கு மனசு நிறைந்துபோனது. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற குடும்பம் என்று பார்த்துத்தான் தங்கச்சியைக் கொடுத்தார்கள். வசதி இருக்கிறவனெல்லாம் பெண்டாட்டிக்கு இப்படி வாயைத் திறந்து சொல்லிவிடுவானா?

அந்த நேரத்தில்தான் அவள் வேண்டாம் என்றாள்.

டாக்டர் முகம் சுளிக்கவில்லை. இரண்டுமே செய்யக்கூடியதுதான், உடம்பு உங்களுடையது, வெளியே உட்கார்ந்து பேசி ஒரு முடிவோடு வாருங்கள் என்று அனுப்பினார்.

வராந்தாவுக்கு வந்ததும் சிவபிரகாஷ் மச்சானிடம் முறையிட்டான். நல்லது சொன்னாலும் அடம் பிடிக்கிறாள், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்றான். அதற்குள் பண்ணையிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

தனபால் தங்கச்சியைப் பிடித்துக்கொண்டான். ஊரில் அவனவன் பெண்டாட்டிக்குத் தைலத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறான், இவருக்கு என்ன தலையெழுத்தா, ராணி மாதிரி வைத்துக்கொள்கிறவரைப் பெரிய டாக்டர் முன்னால் வைத்து அவமானப்படுத்துகிறாயே என்று பொரிந்து தள்ளினான். சின்ன வயதிலிருந்தே உனக்குத் திமிர்தான் என்றும் சொன்னான். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தணித்தான், கோபம் தணியவில்லை.

சித்ராவால் உட்கார முடியாது. சுவரில் சாய்ந்து, இடுப்பில் கையை ஊன்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. அதுவே அவனை இன்னும் எரிச்சல்படுத்தியது.

"உன்ற நல்லதுக்குத்தான அந்த மனுசன் சொல்றாரு. உனக்கு என்ன கேடு அம்மணி?"

"சொல்றனுங்கண்ணா" என்றாள் சித்ரா. குரல் உயரவில்லை. ஆனால் தாடை இறுகியிருந்தது.

பண்ணையில் வேலைக்கு இருந்த ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அதன்பிறகு வேறு ஆள் வைக்கவில்லை. ஷெட் முழுக்க முட்டை எடுப்பது அவள்தான். கூண்டின் கீழ் வரிசைக்கு ஒவ்வொரு கூண்டாகக் குனிய வேண்டும். இடுப்பு வலிக்கிறது என்றால், மெதுவாகக் குனி என்பார்கள். முதலில் பார்த்த டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னபோது, அதற்கென்ன, படுத்துக்கொள் என்று மாமியாரும் சொன்னார், கணவனும் சொன்னான்.

"யாரும் ஒரு வார்த்த திட்டலைங்கண்ணா. முட்டை மட்டும் எடுக்க ஆளில்லாம அப்பிடியே கெடந்துது. சாயங்காலம் நான் எந்திரிச்சுப் போயி எடுக்கற வரைக்கும் கெடந்துது."

சித்ரா இடுப்பில் ஊன்றியிருந்த கையை மாற்றிக்கொண்டாள்.

"குனியலாம்னு டாக்டர் சொன்னாங்கல்ல, அவரு காதுல அது ஒண்ணுதான் உழுந்துச்சு. குனிய முடியும்னா குனியத்தான் சொல்லுவாங்க. ஸ்க்ரூ போட்டு இறுக்கிட்டா, கூடாதுன்னு டாக்டரே சொல்லிருவாங்க. முடியலை முடியலைன்னு நான் சொன்னத ஒருத்தரும் நம்பலை. டாக்டரு சொன்னா நம்புவாங்கல்ல."

தனபாலுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. இவ்வளவு நேரம் தங்கச்சியின் மேல் இருந்த கோபம் அப்படியே ஜன்னல் பக்கம் திரும்பியது. அங்கே சிவபிரகாஷ் போனில் தீவன மூட்டை வந்து இறங்கிவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

"என்ற தங்கச்சிய என்னன்னு நெனச்சுட்டான் அவன்? இங்கயே நிக்க வெச்சுக் கேக்கறேன் இரு" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பினான்.

சித்ரா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவரக் கேக்கறது இருக்கட்டுங்கண்ணா. போன ஐப்பசில உங்க காட்டுல கடலக்கொடி புடுங்க ஆள் கெடைக்கலைன்னு, இடுப்பப் புடிச்சுட்டுப் படுத்துக் கெடந்த என்னைய எழுப்பி வண்டியில ஏத்திட்டுப் போனது நீங்கதானுங்க."