கை தூக்கும் நாள்

"கிளாவ் பாதையைத் திறக்கவே மாட்டார். நீ வேணா பாத்துக்கிட்டே இரு!" என்றார் ரொட்டிக்கடை துரி.

பள்ளிக்கூட மண்டபத்து ஜன்னலோரம் நின்றிருந்தாள் செராய்னா. வெளியே பனி சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஏரியைக் காணோம், மலையைக் காணோம். ஊரே தூக்கத்தில் மிதப்பது போலிருந்தது.

ஏரிக்கரைப் புல்வெளியை ஹோட்டல்காரர்களுக்கு விற்க ஊராட்சி முடிவெடுத்தபோது, வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கி, 'ஊரைக் கேட்காமல் விற்காதே' என்று தடுத்தவள் அவள்தான். இன்று ஊர் கூடிக் கை தூக்கித் தீர்ப்புச் சொல்லும். நேரில் வந்து தூக்கினால்தான் கணக்கு.

அவள் பக்கம் நிற்பவர்களில் பாதிப்பேர் மேலூர்க்காரர்கள். மேலூர்ப் பாதையோ பனியில் மூடிக் கிடந்தது. பனி தள்ளும் டிராக்டர் கிளாவிடம் இருந்தது. விற்கச் சொல்லும் கோஷ்டிக்குத் தலைவரும் அவரேதான்!

"ஹோட்டல் வந்தா, ஜூரிக்ல இருக்கிற அவர் மகன் இங்கேயே வேலை கிடைச்சு ஊரோட வந்துடுவானாம்" என்றார் துரி. " பாதையைத் திறந்துவிட அவருக்கென்ன பைத்தியமா?"

"சே, இவ்வளவு கேவலமா இறங்குவாரா ஒரு மனுஷன்!" என்று பொரிந்தாள் செராய்னா.

மண்டபமே கிளாவை வாயில் போட்டு மென்றது.

ஊர்த்தலைவி எழுந்தார். "நேரமாச்சு. ஆரம்பிச்சுடலாமா?"

அப்போதுதான் அந்த வெள்ளைக்குள்ளிருந்து மங்கலாக இரண்டு விளக்குகள் தெரிந்தன. டிராக்டர்! பின்னால் வைக்கோல் வண்டி. அதில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேலூரே உட்கார்ந்திருந்தது.

உள்ளே வந்த கிளாவின் புருவமெல்லாம் பனி. "வழியில மரம் விழுந்து கிடந்துச்சு. அறுத்துத் தள்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

துரி தலையைக் குனிந்துகொண்டார்.

'விற்கக் கூடாது' என்றதும் கைகள் எழுந்தன, மேலூர்க் கைகள் மொத்தமும். 'விற்கலாம்' என்றபோது எல்லாரையும்விட உயரமாகத் தூக்கியவர் கிளாவ். அவர் பக்கம் கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றது.

வாசலில் அவரை ஓடிப்போய்ப் பிடித்தாள் செராய்னா. கண் கலங்கியிருந்தது. "உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். இவங்களைக் கூட்டிட்டு வராம இருந்திருந்தா நீங்கதானே ஜெயிச்சிருப்பீங்க? மகனும் வந்திருப்பான்..."

"வந்திருப்பான்" என்றார் கிளாவ், டிராக்டர் இருக்கையைத் துடைத்தபடி. "வந்து, 'எப்படிப்பா ஜெயிச்சீங்க?'ன்னு கேட்டா, பனி ஜெயிச்சுக் குடுத்துச்சுன்னா சொல்றது?"